மாரி இரவுக்கு ஒரு ஒழுங்கு: பிடிக்கொழுக்கட்டை, உடுக்கு, உலமாப் பேய்க்கதை

கல்லடிக்காத்து:
ஐப்பசி பிறந்தாச்சு. கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்தின சனிக்கிழமை எங்கட வாசிகசாலை மண்டபத்தில ஒரு இரவு ஒழுங்கு செய்யிறம். 30 பேர் அளவில வருவாங்க, அதில 10 பேர் பிள்ளைகள். வெளிநாட்டில இதே மாசங்களில பூசணிக்காயில முகம் வெட்டி, பேய் வேடம் போட்டு, வீட்டுப் பலகாரம் செய்து கொண்டாடுறாங்க. எங்களுக்கு அந்த முகமூடி வேண்டாம், மட்டக்களப்பு அம்பாறைச் சரக்கே காணும். கையால செய்த சாப்பாடு, மயிர்க்கூச்செறிய வைக்கிற ஓசை, பேய்க்கதை, இந்த மூன்றும் வேணும்.

கேள்விகள்: அடைமழையில கரண்ட் போனாலும் கெடாத பலகாரம் எது? மட்டக்களப்பு வாவியில, கல்லடிப் பாலத்தடியில இரவில நீருக்குள்ளால கேட்கிற பாடும் மீன் ஓசையை அண்டைக்கே பதிவு செய்து போடலாமா? கோயில் உடுக்கு ஒன்றை ஒரு இரவுக்கு இரவல் கேட்கலாமா? அளவு, நேரம், எங்க பிழைக்கும் எண்டு விபரமா எழுதுங்க.

மெகாஓம்:
பாடும் மீனை இப்பவே திட்டத்தில இருந்து எடுத்திடுங்க. அந்த ஓசைக்குரிய காலம் சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும், அதுவும் பூரணையை ஒட்டின அமைதியான இரவுகளில. கார்த்திகையில வெள்ளம் வந்து வாவி கலங்கி ஓடும், மழைத்துளி நீரில விழுற சத்தமே மற்ற எல்லாத்தையும் மூடிடும். இடி மின்னலுக்குள்ள பாலத்திலயோ தோணியிலயோ நிக்கவும் கூடாது.

ஆனா வாற சித்திரைக்கு ஆயத்தம் செய்ய இது நல்ல நேரம். நீருக்குள்ள இறக்குற மைக் ஒன்றை 27 மில்லிமீற்றர் பீசோ தட்டில (அதிர்வை மின்சாரமா மாத்திற மெல்லிய தட்டு) செய்யலாம். கவசக் கம்பி வயர் 5 மீற்றர் எடுங்க. நடு வயரைத் தட்டின் நடுவில இருக்கிற வெள்ளைப் பகுதியில ஒட்டணும், சுற்று வலையைப் பித்தளை விளிம்பில. ஈயப்பற்று 2 செக்கனுக்கு மேல சூடாக்கக் கூடாது, வெள்ளைப் பூச்சு உரிஞ்சு வந்தா தட்டு முடிஞ்சுது. பிறகு ரெண்டு பக்கமும் அரால்டைட் பசை மெல்லிசா பூசி 24 மணித்தியாலம் காயவிட்டு, மேல இன்னொரு பூச்சு. வயர் உள்ள போற இடத்தில குமிழி ஒன்று நிண்டாலும் அதுக்குள்ளால உப்புத்தண்ணி போயிடும், அந்த இடத்துக்குத் தனியா ஒரு சொட்டு வையுங்க. கயிற்றில ஒரு ஈயக்குண்டு கட்டி, தட்டு அடியைத் தொடாமல் ஒரு முழம் மேல நிக்கிற மாதிரி இறக்குங்க.

எல்லாரும் விடுற பிழை, இதை நேரா போனில சொருகுறது. பீசோ தட்டின் கொள்ளளவம் ஏறக்குறைய 20 நானோபரட். போனின் மைக் உள்வழித் தடை 2 கிலோஓம் எண்டு வையுங்க, அப்ப 4000 ஹேர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற ஓசை எல்லாம் படிப்படியா கரைஞ்சு போகும். உங்களுக்குக் கேட்கிறது சொடுக்கு இறால் சொடுக்குற பொரிபொரிச் சத்தம் மட்டும்தான். 10 கிலோஓம் எண்டாலும் எல்லை 800 ஹேர்ட்ஸில நிக்கும். 1 மெகாஓம் உள்வழி இருந்தா 8 ஹேர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். ஆகவே நடுவில கிற்றார் முன்பெருக்கி ஒன்று கட்டாயம். பதியிற நேரம் போனைச் சார்ஜரில போடாதீங்க, 50 ஹேர்ட்ஸ் முனகல் முழுப் பதிவையும் கெடுக்கும்.

கல்லடிக்காத்து:
அப்ப கருவி ஒன்றும் இல்லாதவங்க கேட்கிறதுக்கு வழி இல்லையா?

மெகாஓம்:
இருக்கு. தோணி வலிக்கிற தண்டை (துடுப்பை) நீருக்குள்ள விட்டு, மேல் முனையில காதை வைச்சுக் கேட்கிறது பழைய முறை. மரத்துக்குள்ளால ஓசை நல்லா ஏறும். அப்ப இலங்கையின் குடியேற்றச் செயலாளரா இருந்த எமர்சன் டெனன்ட் 1848 இல் மட்டக்களப்புக்கு வந்து இதைக் கேட்டவர், தோணியின் மரத்தில காது வைச்ச உடனே ஓசை பெருகினதா எழுதி இருக்கார். ஈரவிரலால கண்ணாடிக் குவளை விளிம்பைத் தேய்க்கிற போது வாற மெல்லிய அதிர்வுக்கு ஒப்பிட்டதும் அவர்தான். ஊரி (நீரில வாழுற சிப்பி வகை) அழுகுது எண்டு அந்தக்கால மீனவர் சொன்னதையும் குறிச்சு வைச்சிருக்கார். 1950களில் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் அந்த ஓசையைப் பதிவு செய்தார். 1924 இல் திறந்த பழைய பாலத்தடிதான் இண்டைக்கும் ஆட்கள் போய்க் காது கொடுக்கிற இடம். 2013 இல் புதுப்பாலம் வந்த பிறகு பழையதில வாகன இரைச்சல் குறைவு, பக்கத்துப் பாலத்து லொறி அதிர்வு மட்டும் நீரால வரும். நடுச்சாமத்துக்குப் பிந்தி, காத்து விழுந்த நேரம் பாருங்க.

மருதமுனைத்தறி:
மெகாஓம் காக்கா சொன்ன கண்ணாடிக் குவளையை மண்டபத்திலேயே செய்து காட்டலாமே? 

மெகாஓம்:
செய்யலாம் தங்கச்சி, அதுதான் சரியான மாற்று. தண்டுள்ள, விளிம்பு மெல்லிய குவளை வேணும். தடிச்ச தேத்தண்ணிக் கிளாஸ் சரிவராது. குவளையையும் கையையும் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவுங்க. விரலைத் தேசிப்புளி கலந்த தண்ணியில நனைச்சு, அடித்தட்டை மற்றக் கையால மேசையோட அழுத்திப் பிடிச்சு, விளிம்பில மெதுவா வட்டம் சுத்துங்க. ஓசை வராட்டி அழுத்தம் கூடினது அல்லது வேகம் கூடினது, ரெண்டையும் குறைச்சுப் பாருங்க. தண்ணி கூட ஊத்த ஊத்தச் சுருதி இறங்கும்.

விசயம் ரெண்டாவது குவளையிலதான் இருக்கு. முதல் குவளையை 440 ஹேர்ட்ஸுக்கு நிறுத்துங்க, சுருதி பார்க்கிற செயலி போனில இருந்தால் போதும். ரெண்டாவதில தேக்கரண்டியால தண்ணியை எடுத்து எடுத்து 443க்கு நிறுத்துங்க. ரெண்டும் ஒரே நேரத்தில பாடினா செக்கனுக்கு 3 தரம் ஓசை வீங்கி வீங்கித் தணியும். ஆள் எங்க நிண்டாலும் அது எந்தப் பக்கத்தால வருதெண்டு லேசில மட்டுக்கட்ட ஏலாது. விளக்கை அணைச்சுப் போட்டு ஒரு நிமிசம் மட்டும் செய்யுங்க. கூட நேரம் போனா காது பழகிடும், சிலிர்ப்புப் போயிடும்.

சட்டித்தயிர்:
சாப்பாட்டுக்கு வாறன். பிடிக்கொழுக்கட்டை செய்யுங்க. 30 பேருக்கு ஆளுக்கு 3 எண்டு வைச்சா 90. கீழ இருக்கிறது 30 கொழுக்கட்டைக்கான அளவு, மூன்று தரம் செய்யுங்க. ஒரேயடியா குழைச்சு வைச்சா கடைசி மா காய்ஞ்சு வெடிக்கும்.

வறுத்த சிவப்புப் பச்சையரிசி மா 500 கிராம். பயறு 200 கிராம், வாசம் வரும் வரைக்கும் வறுத்து, அவிச்சு, தண்ணியை முழுசா வடிச்சது. தேங்காய்ப்பூ ஒரு தேங்காயில் முக்கால்வாசி. சர்க்கரை (வெல்லம்) 350 கிராம். உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் 6, மிளகு 10 இடிச்சது. சர்க்கரையை 250 மில்லிலீற்றர் தண்ணியில கரைச்சு வடிகட்டி, ஒரு கொதி வந்த உடனே இறக்குங்க. பாகு ஆக விட்டா ஆறின பிறகு கொழுக்கட்டை கல்லாயிடும்.

மா, பயறு, தேங்காய்ப்பூ எல்லாத்தையும் கலந்து, சுடச்சுடச் சர்க்கரைத் தண்ணியை முக்கால்வாசி ஊத்தி அகப்பைக் காம்பால கிளறுங்க. மிச்சம் கால்வாசியைக் கையில வைச்சிருந்து பதம் பார்த்து ஊத்துங்க. மாரியில மா காத்தில இருந்து ஈரம் இழுக்கும், பங்குனியில கேட்ட தண்ணி கார்த்திகையில கேளாது. பதம் இதுதான்: ஒரு பிடி எடுத்துப் பொத்தித் திறந்தா அஞ்சு விரல் தடமும் தெளிவா நிக்கணும், விளிம்பில பிளவு இருக்கக் கூடாது. தடம் மங்கி வழுக்கினா தண்ணி கூடிற்று, வறுத்த மா கொஞ்சம் தூவுங்க. உதிர்ந்தா ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணி.

கொதிக்கிற தண்ணிக்கு மேல 15 நிமிசம் அவியுங்க. மூடியின் உட்பக்கம் துணி கட்டுங்க, இல்லாட்டி ஆவித்தண்ணி சொட்டி விரல் தடம் அழியும். நடுவில மா வெள்ளையா இருந்தா வறுத்தது காணாது எண்டு அர்த்தம், அவிக்கிற நேரத்தைக் கூட்டி அதைத் திருத்த ஏலாது. தேங்காய்ப்பூ இருக்கிறபடியா அண்டண்டு சாப்பிட்டு முடியுங்க, அடுத்த நாள் மத்தியானத்துக்குள்ள நூல் விடும். கரண்ட் போறது இதுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, விறகடுப்பும் இட்டலிச் சட்டியும் காணும்.

அதோட எருமைத் தயிரும் பாணியும். மாரியில தயிர் உறையாது எண்டு பலர் கைவிடுறாங்க. பால் ஒரு லீற்றரைக் கொதிக்க வைச்சு 10 நிமிசம் மெல்லிய நெருப்பில விடுங்க. 45 பாகைக்கு ஆற விடுங்க, சுண்டுவிரலைப் பாலில விட்டு 10 எண்ணும் வரைக்கும் பொறுக்கக் கூடிய சூடு அது. உறை ஒரு மேசைக்கரண்டியைக் கொஞ்சப் பாலில கட்டி இல்லாமல் கரைச்சு ஊத்துங்க. சட்டியைச் சாக்கால சுத்தி உமிக்குள்ள இருத்தினா 10 தொடக்கம் 12 மணித்தியாலத்தில இறுகும். வெளியில திறந்து வைச்சா மழைக்குளிருக்கு விடியவும் தண்ணிதான். ஆட்டிப் பார்க்காதீங்க, உடைஞ்சா திரும்ப ஒட்டாது. தயிர் நூலா இழுபட்டா பழைய உறையில வேற கிருமி சேர்ந்திருக்கு, அந்த உறையை விட்டிட்டுப் புதுசு வாங்குங்க. மண்சட்டிதான் வேணும், சட்டி தண்ணியை உறிஞ்சிறதாலதான் தயிர் வெட்டி எடுக்கிற பதத்துக்கு வரும். பிளாஸ்ரிக்கில அந்த இறுக்கம் வராது.

பட்டிருப்பு உடுக்கு:
இரவல் உடுக்கு கேட்காதீங்க. கோயிலுக்குரிய உடுக்கு, பூசை செய்யிற கப்புகனார் கையில சடங்குக்கு மட்டும் எடுக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஓசை எண்டா தனியா ஒன்று செய்விச்சுக் கொள்ளலாம், கோயிலில வைக்காத வரைக்கும் அது வெறும் தோற்கருவிதான்.

வாங்கிறவங்க பார்க்க வேண்டியது. இடை ஒடுங்கின உடல், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய நீளம். ரெண்டு வாயிலயும் வளையத்தில இழுத்துக் கட்டின மெல்லிய தோல். பறைக்குப் போடுற தடிச்ச தோல் இதுக்கு ஆகாது. வளையத்துக்கு வளையம் குறுக்கும் நெடுக்குமா ஓடுற கயிறு, அதை இடையில சேர்த்துப் பிடிக்கிற துணிப்பட்டை. ஒரு பக்கத் தோலுக்குக் குறுக்கால நரம்பு ஒன்று ஓடும், அதுதான் அந்த இரைச்சல் கலந்த நடுக்கத்தைக் குடுக்கிறது. நரம்பு தளர்ந்திருந்தா வெறும் டப்பா சத்தம்.

இடக்கை இடையில, வலக்கை விரல் நுனி தோலில. அடிச்ச உடனே இடக்கையால கயிற்றை அமத்தினா தோல் இறுகிச் சுருதி மேல வழுக்கும், விட்டா கீழ இறங்கும். அழுகை ஏறி இறங்குற மாதிரி அது கேட்கிறது இந்த வழுக்கலாலதான். புதுசாப் பழகுறவங்க அடிக்கிறதும் அமத்துறதும் ஒரே நேரத்தில செய்வாங்க, அப்ப வழுக்கல் கேளாது. அடி முதல், அரை மூச்சுக்குப் பிறகு அமத்தல்.

மாரிக்கு முக்கியம்: ஈரத்தில தோல் தளர்ந்து ஓசை செத்திடும். தணலுக்கு மேல ஒரு முழ உயரத்தில பிடிச்சு, ரெண்டு மூன்று நிமிசம் திருப்பித் திருப்பிக் காய்ச்சுங்க. இடைக்கிடை புறங்கையைத் தோலில வையுங்க, கை பொறுக்காத சூடு வந்தா அடுத்த அடியில கிழியும். மண்டபத்துக்குள்ள கால் மணித்தியாலம் தாக்குப் பிடிக்கும், பிறகு திரும்பக் காய்ச்சணும். ஆகவே பக்கத்தில ஒரு தணல்சட்டி தேவை. முடிஞ்ச உடனே கயிற்றைத் தளர்த்தி, வறுத்த அரிசி ஒரு சுண்டு துணியில கட்டிப் போட்ட தகரப் பெட்டிக்குள்ள வையுங்க. இறுக்கத்தோட வைச்சா விடிய வெயிலில தோல் சுருங்கி விளிம்பில பிளக்கும்.

பாண்டிருப்பான்:
தனி உடுக்கு எண்டதோட எனக்கு உடன்பாடு முழுசா இல்லை. பாண்டிருப்பில திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு இப்பதான் முடிஞ்சிருக்கு. 18 நாள் சடங்கு, வனவாசம், தவநிலை எல்லாம் கண்டு வந்த சனம் அந்த மண்டபத்திலயும் இருப்பாங்க. உடுக்கு கோயிலில வைக்காதது எண்டு அவங்கட உடம்புக்குத் தெரியாது. சடங்கில அடிக்கிற அதே நடையை, மெல்லத் தொடங்கி வேகம் கூட்டிக் கூட்டிப் போற நடையை அடிச்சா, வழமையா உரு (தெய்வம்) ஏறுற ஆளுக்கு அங்கயும் ஏறும். அது வேடிக்கைப் பொருள் இல்லை.

பட்டிருப்பு உடுக்கு:
அண்ணே சொல்றது நியாயம். நடையை ஒழுங்கு பண்ணிக் கொள்ளலாம். சடங்கு நடை வேண்டாம், காவியம் அகவல் ஒன்றும் பாட வேண்டாம். தனித்தனி அடி மட்டும், அடிக்கும் அடிக்கும் நடுவில 7 தொடக்கம் 10 செக்கன் இடைவெளி. தாளம் கட்டாட்டி உரு ஏறாது. பயத்துக்கும் அதுதான் நல்லது, அடுத்த அடி எப்ப வருமெண்டு தெரியாதபடியா மூச்சைப் பிடிச்சுக் கொண்டு இருப்பாங்க.

பாண்டிருப்பான்:
அப்படி எண்டா சரி. இருந்தாலும் யாருக்காவது உடல் ஆடத் தொடங்கினா உடனே அடியை நிப்பாட்டி, விளக்கை ஏத்தி, ஆளைச் சுத்தி நிக்காமல் காத்து விட்டு, இருத்தித் தண்ணி குடுங்க. கமராவை எடுக்கக் கூடாது எண்டு தொடக்கத்திலேயே சொல்லி விடுங்க. வேப்பிலை, கமுகம்பாளை, மடை (தெய்வத்துக்குப் படைக்கிற படையல்) இப்படி எதையும் அலங்காரத்துக்கு வைக்காதீங்க. நீற்றுப்பூசணியும் அப்படித்தான். வெளிநாட்டுப் பூசணிக்குப் பதிலா அதை வெட்டுவம் எண்டு யாராவது யோசிப்பாங்க. கழிப்புக் கழிக்கிறதுக்கு (தீவினை போக்கிற சடங்குக்கு) வெட்டுற காய் அது, விளையாட்டுக்கு வெட்டுறதில்லை.

கல்லடிக்காத்து:
நன்றி அண்ணே, அந்த நாலும் வராது. கதைக்கு எதை எடுக்கிறது? கொத்தி, முனி, கொள்ளிவாய்ப் பிசாசு மூன்றையும் ஆட்கள் கேட்கிறாங்க.

ஆந்தைக்கண்:
மூன்றையும் போட்டா ஒன்றும் தங்காது. ஒரு கதை போதும், உலமா எண்ட பேய்ப்பறவையின் கதை. லாகுகலை, கல்லோயாக் காட்டுப் பக்கம் இரவில பொம்பிளை ஒருத்தி கழுத்து நெரிபட்டுக் கத்துற மாதிரி ஒரு கூவல். கதை இதுதான். பிள்ளை தன்னுடையது இல்லை எண்டு சந்தேகப்பட்ட புருசன் அதைக் கொண்டு கறி சமைச்சு, திரும்பி வந்த மனைவிக்குப் பரிமாறுறான். அவள் சட்டிக்குள்ள சின்ன விரல் ஒன்றைக் காணுறாள். பித்துப் பிடிச்சுக் காட்டுக்குள்ள ஓடி, அழுது அழுது பறவையாகிறாள்.

பறவை எது எண்டதில கனகாலம் வாதம். வயிற்றில புள்ளியுள்ள பெரிய காட்டு ஆந்தைதான் எண்டு இப்ப பெரும்பாலும் ஏற்றுக் கொள்றாங்க, 2 அடிக்குக் கிட்ட உயரம், தலையில ரெண்டு கொம்பு மாதிரி இறகு. கொண்டை உள்ள கழுகு வகை ஒன்றைச் சொல்றவங்களும் இருக்காங்க. காட்டுக்குள்ள கேட்கிறவர் ஆளைக் காணமாட்டார், கூவலை மட்டும்தான் கேட்பார், அதாலதான் வாதம் நீண்டது.

இந்த விளக்கத்தைக் கதைக்கு முன்னுக்குச் சொல்லக் கூடாது. கதை, பிறகு இருட்டு, பிறகு கூவல். பறவை விபரம் கொழுக்கட்டை சாப்பிடுற நேரம். பேர் தெரிஞ்ச பிறகு கூவல் ஆந்தைச் சத்தம் ஆயிடும்.

சொல்ற முறையில ரெண்டு விசயம். விரல் எண்ட சொல் கதையில ஒரே ஒரு தரம்தான் வரணும், அதுக்கு முந்தி கறியின் வாசம், தாளிச்ச கறிவேப்பிலை, சோத்தில ஆவி இப்படிச் சாப்பாட்டை நல்லா நீட்டிச் சொல்லுங்க. கொலையை விவரிக்காதீங்க. 10 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளை அதுக்கு முந்தி மற்ற அறைக்கு அனுப்பி, குவளை வாசிக்கப் பழக்குங்க.

மருதமுனைத்தறி:
சட்டித்தயிர் எழுதினதைத் திரும்ப வாசிச்சுப் பாருங்க: அஞ்சு விரல் தடமும் தெளிவா நிக்கணும். உலமா கதை முடிஞ்ச கையோட பிடிக்கொழுக்கட்டையை ஒரு சட்டியில மூடிக் கொண்டு வந்து, ஒரே விளக்கு வெளிச்சத்தில மூடியைத் திறந்தா? ஒருத்தரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஆந்தைக்கண்:
அருமை. பரிமாறுறவர் வாய் திறக்காமல் இருக்கணும், அவ்வளவுதான்.

சட்டித்தயிர்:
அப்படி எண்டா சின்னப் பிடியா பிடிக்கணும். பெரிய ஆள் கைக்கு விரல் தடம் அகலமா விழும். 10 வயசுப் பிள்ளைகளைக் கொண்டே பிடிப்பியுங்க, தடம் சின்னதா ஆழமா விழும். சின்னப் பிடிக்கு 11 நிமிசம் அவிச்சா காணும். மாவில தண்ணி ஒரு மேசைக்கரண்டி குறைச்சுப் பிடியுங்க, ஆவியில மா கொஞ்சம் உப்பித் தடத்தை நிரப்பும்.

கல்லடிக்காத்து:
கூவலை எப்படி போடுறது? ஸ்பீக்கர் எங்க இருக்குது எண்டு பிள்ளைகள் உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

மெகாஓம்:
சின்னப் புளூடூத் ஸ்பீக்கரைத் துணியில சுத்தி, பெரிய மண்பானைக்குள்ள ஸ்பீக்கரின் வாய் கீழ்நோக்கி இருக்க இறக்குங்க. பானை தன் சுருதிக்குக் கிட்ட இருக்கிற ஓசையைத் தூக்கிக் குடுக்கும், கூர்மையைக் குறைக்கும், அதால தூரத்தில இருந்து வாற மாதிரிக் கேட்கும். பானையை மண்டபத்துக்கு வெளியில தாழ்வாரத்தில, யன்னலுக்குக் கீழ வையுங்க. மழை விழுந்தா மழைச் சத்தத்தை விட ஒரு படி மட்டும் கூட வையுங்க. ஒரே ஒரு தரம் போடுங்க.

ஒரு எச்சரிக்கை. புளூடூத் சோடி விட்டுப்போச்சு எண்டா அந்த இருட்டில ஸ்பீக்கர் தன்ர வரவேற்பு மணியை அடிக்கும், கதை அதோட முடிஞ்சுது. ஆகவே வயர் போட்டு இணையுங்க, போனை விமானப் பயன்முறையில வையுங்க.

பட்டிருப்பு உடுக்கு:
தணல்சட்டியும் பானையும் கிட்டக் கிட்ட இருக்காமப் பாருங்க தம்பி. யன்னல் ரெண்டு திறந்திருக்கட்டும், அடைச்ச மண்டபத்தில தணல் புகை ஆபத்து. தணல்சட்டிக்கு ஒரு வளர்ந்த ஆளை நிப்பாட்டுங்க.

கல்லடிக்காத்து:
குறிச்சுக் கொண்டன். தயிருக்கு வெள்ளி பின்னேரம் 6 மணிக்கு உறை ஊத்துறம், சனி விடிய எடுக்கலாம். பயறு சனி மத்தியானம் வறுக்கிறம். சட்டித்தயிர் அக்கா, சிவப்பரிசி மா கடையில வறுத்துப் பைக்கெற்றில வாறது சரியா, அல்லது இடிச்சு வறுக்கணுமா?

சட்டித்தயிர்:
பைக்கெற் மாவும் சரி, ஆனா திரும்ப 5 நிமிசம் வெறுஞ்சட்டியில வறுத்து, ஆறவிட்டு அரியுங்க. நுள்ளி எடுத்துத் தரையில கோடு போட்டா அறாமல் உதிர்ந்து ஓடணும். கோடு இடைக்கிடை கட்டியா நிண்டா ஈரம் இன்னும் கிடக்கு, இன்னொரு 3 நிமிசம்.